வெண்டல் ஸ்மித் வாங்கிய சம்பளம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின பேஸ்பால் செய்தியாளர் வெண்டல் ஸ்மித்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே, அந்த அணியின் முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றி எழுதியவரை எப்படி நடுநிலையாளர் என்பது? விளையாட்டுச் செய்தியாளராக விரும்புகிறேன். இத்தொழிலில் கடைசிவரை நிலைக்க முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

நிலைக்கலாம். ஸ்மித்தைப் போன்ற இன்னொரு கறுப்பின விளையாட்டுச் செய்தியாளர் சாம் லேசி 2003இல் தமது 99ஆம் வயதில் மறையும்வரை எழுதினார். அக்கேள்வியை இத்துடன் விடுங்கள்.

நடுநிலை பற்றித்தான் சில நாட்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேர்மையைப் பற்றி இந்த வயதிலேயே கவலைப்படுகிறீர்கள். அதற்காக உங்களை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதும் அவசரம் ஒரு செய்தியாளருக்கு ஆகவே ஆகாது.

வாரம் 50 டாலர் வாங்கியது உண்மை. இன்று நீங்கள் வாங்கினால் கண்டிப்பேன். ஆனால் ரிக்கியிடம் சம்பளம் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1939இல், ஸ்மித் என்ன செய்தார்? அப்போது பெரிய லீக் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சேர்த்தால் வெள்ளை வீரர்கள் ஆட மறுப்பார்கள் என்று அணி உரிமையாளர்கள் சொல்லிவந்தார்கள். பெரிய பத்திரிகைகளின் செய்தியாளர்கள் அதைச் சோதித்துப் பார்க்க முனையவில்லை. கறுப்பினத்தவரின் வார இதழான 'பிட்ஸ்பர்க் கூரியர்' நிருபரான ஸ்மித்துக்கோ பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் அட்டை கிடையாது. எனவே செய்தியாளர் மாடத்தில் இடமும் கிடையாது. அவர் பிட்ஸ்பர்கில் வெளியூர் அணிகள் தங்கும் ஷென்லி ஹோட்டலுக்குப் போய், இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் எட்டு மேலாளர்களிடமும் சுமார் நாற்பது வீரர்களிடமும் நேரில் கேட்டார். தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அதை வாரந்தோறும் அச்சிட்டார். உரிமையாளர்கள் சொல்லிவந்த காரணம் பொய் என்பது அவர்களுடைய ஆட்டக்காரர்களின் வாயாலேயே வெளிப்பட்டது. மாடத்தில் வசதியாக அமர்ந்து ஓட்டங்களை எண்ணியவர்கள் நடுநிலையாளர்கள், ஹோட்டல் முகப்பில் காத்திருந்து உண்மையைக் கேட்டு வாங்கியவர் பக்கச்சார்பாளர் என்றால், அந்த நடுநிலை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

1946இல் புளோரிடாவின் சான்ஃபோர்டில் மிரட்டல் வந்தபோது ராபின்சனை ஊரைவிட்டுப் பத்திரமாக அழைத்துச் சென்றவர்களில் ஸ்மித்தும் ஒருவர். அணியின் ஹோட்டலில் ராபின்சனுக்கு மறுக்கப்பட்ட அறை ஸ்மித்துக்கும் மறுக்கப்பட்டதுதான். அப்படிப்பட்ட ஸ்மித்தைத் தள்ளி நின்று எழுதச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

சங்க அட்டை 1948இல்தான் கிடைத்தது. ரிக்கியின் பணம் நின்று வெகுகாலத்துக்குப் பிறகு, 1961இல், புளோரிடா பயிற்சி முகாம்களில் கறுப்பின வீரர்களைத் தனியே தங்கவைப்பதை எதிர்த்துச் சிகாகோ நாளிதழில் தொடர்ந்து எழுதியவரும் இதே ஸ்மித்தான். 1939இல் எழுதியதையும் 1961இல் எழுதியதையும் தேடிப் படித்துவிட்டு, இடையில் வாங்கிய சம்பளம் எதை மாற்றியது என்று எனக்கு எழுதுங்கள்.