டிசம்பரில் ஐந்து வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் திருட்டு போகாமல் வீட்டை எப்படிப் பாதுகாப்பது?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகை வீடு, குடும்பத்தோடு திருச்சிக்குப் போகிறோம், அலாரமும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸும் (அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு ஆள் அனுப்பும் தனியார் காவல் சேவை) இருக்கிறது, வேறென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடமாக அதே பக்கம்தான் குடியிருக்கிறேன். பதிலுக்கு ஒரு கேள்வி: அலாரம் அடித்தால் வந்து கதவைத் திறக்கப்போவது யார்?

இது முடிவாகாமல் கேமரா, மின்வேலி என்று செலவழிப்பதில் பெரிய பலன் இல்லை. நடைமுறையைச் சொல்கிறேன். சென்சாரில் அசைவு பட்டதும் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமுக்குச் சிக்னல் போகும். அவர்கள் முதலில் உங்கள் நம்பருக்கு அடிப்பார்கள். நீங்கள் திருச்சியில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் இருப்பீர்கள், எடுக்கமாட்டீர்கள். இதற்குள் வண்டி உங்கள் கேட்டுக்கு வந்திருக்கும். காவலாளியிடம் சாவி கிடையாது. மதில் மேலே டார்ச் அடித்துப் பார்ப்பார், முன்கதவு பூட்டியிருக்கிறது, ஜன்னல் உடையவில்லை. ஒரு சீட்டு எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். டிசம்பரில் அவர்களுக்கு அழைப்புக்கா பஞ்சம்? எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. சீட்டு முன்பக்கம் பெட்டியில் இருந்தது, பின்பக்கம் சமையலறை ஜன்னலின் பர்க்லர் கார்டை, அதாவது இரும்புக் கம்பியை, வளைத்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். காவலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. பின்பக்கம் போக அவருக்கு வழியே இல்லை.

அதனால் முதல் வேலை, சாவி வைத்திருக்க ஓர் ஆள். டிசம்பரில் எங்கும் போகாதவராக, கூப்பிட்டால் போன் எடுப்பவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டு ஆன்ட்டியாகத்தான் இருக்கும். தெருவில் எந்த வண்டி யாருடையது என்று அவருக்கு அத்துப்படி. சாவி, கேட் ரிமோட் இரண்டையும் கொடுங்கள். அலாரத்தை அணைக்கும் உங்கள் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டாம். அநேகமாக எல்லா அலாரம் பேனலிலும் (கட்டுப்பாட்டுப் பெட்டி) இன்னொருவருக்குத் தனி எண் வைக்கலாம், வந்ததும் அழித்துவிடலாம். கிளம்புவதற்கு முன் அலாரத்தை அவரையே ஒருமுறை போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பதற்றத்தில் கற்றுக்கொள்ள முடியாது. அவர் பெயரும் நம்பரும், ஊரில் உங்களைப் பிடிக்கிற வாட்ஸ்அப் நம்பரும் கன்ட்ரோல் ரூமில் பதிவாகியிருக்க வேண்டும். முக்கியமாக, அலாரம் அடித்தால் தனியாக உள்ளே போகவே கூடாது, வண்டி வந்த பிறகு காவலாளிக்குத் திறந்துவிட்டால் போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: "நாங்கள் இல்லாதபோது யாரும் சாமான் எடுக்க வரமாட்டார்கள்." பட்டப்பகலில் ஒரு பக்கியை (பின்னால் திறந்த சிறிய சாமான் வண்டி) ரிவர்ஸில் உள்ளே விட்டு, ஓவரால் போட்ட இரண்டு பேர் ஃபிரிட்ஜைத் தூக்கினால், வீடு மாறுகிறார்கள் என்றுதான் தெரு நினைக்கும்.

அடுத்தது கரண்ட். சாட்ஸ்வொர்த்தில் நிறைய வீடுகளில் ப்ரீபெய்ட் மீட்டர்தான். யூனிட் தீர்ந்தால் வீடு இருட்டாகிவிடும். அலாரம் பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் அதுவும் போய்விடும். லோட்ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்ட் நிறுத்துவது) காலத்தில் அடிக்கடி காலியாகிச் சார்ஜ் ஆன பேட்டரிகள் பல இன்னும் மாற்றப்படாமலே இருக்கின்றன, வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு நாள் மாலை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. யூனிட்டை நிறையவே ஏற்றிவிட்டுப் போங்கள். குறைந்துவிட்டால் நீங்கள் ஊரிலிருந்தே ஆன்லைனில் வாங்கி அதற்கு வரும் 20 இலக்க எண்ணை ஆன்ட்டிக்கு அனுப்பினால் அவர் மீட்டரில் தட்டிவிடுவார்.

பல்லியையும் குரங்கையும் பற்றிச் சொல்லாமல் டர்பனில் அலாரம் பேச்சு முடியாது. வீட்டுக்குள் இருக்கும் சென்சாரின் மூடிக்குள், ஒயர் போகும் ஓட்டை வழியாகப் பல்லி புகுந்து உட்காரும். அது அசைகிறபோதெல்லாம் அலாரம். எங்கள் வீட்டுச் சென்சாரைத் திறந்தபோது உள்ளே இரண்டு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தன. டெக்னீஷியன் துடைத்துவிட்டு ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைத்தார், தொல்லை விட்டது. வெளி பீம்களில், அதாவது வீட்டுக்கு வெளியே அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார்களில், குரங்கு. சில்வர்க்ளென் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், மாமரம் காய்க்கும் சீசன் வேறு. குரங்குக்குப் பயந்து வெளி பீமை ஆஃப் செய்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். ஆளை அழைத்து உயரத்தையும் உணர்திறனையும் சரிசெய்யச் சொல்லுங்கள், மதிலுக்குப் பக்கத்துக் கிளைகளை வெட்டுங்கள். நாலு தரம் சும்மா அடித்த அலாரத்தை ஐந்தாம் தரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மின்வேலி இருந்தாலும் இதே கதைதான். டிசம்பர் மழைக்கு போகன்வில்லாவும் வாழை இலையும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேலி ஓயாமல் அடிக்கும், கடைசியில் யாராவது அணைத்துவிடுவார்கள்.

வீடு காலி என்று வெளியே தெரியக்கூடாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முன் விளக்கை இரவும் பகலும் எரியவிட்டுப் போவது, ஊரில் இல்லை என்று போர்டு மாட்டுவதற்குச் சமம். இங்கே டிசம்பரில் காலை ஐந்துக்கெல்லாம் விடிந்து, மாலை ஏழு வரை வெளிச்சம் இருக்கும். வெளியே இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் டே-நைட் பல்ப் போடுங்கள், உள்ளே ஒரு விளக்கை டைமரில் வையுங்கள். வாராவாரம் டிரைவ்வேயில் எறிகிற இலவசப் பேப்பரை யாராவது எடுக்க வேண்டும். குப்பை நாளில் தெரு முழுக்கக் கறுப்புப் பை இருக்கும்போது உங்கள் கேட்டில் மட்டும் இல்லாவிட்டால் அதுவும் தகவல்தான். ஆன்ட்டி தன் பைகளில் ஒன்றை உங்கள் கேட்டில் வைத்தால் போதும். மழைக்குப் புல் இரண்டே வாரத்தில் எழும்பிவிடும், நடுவில் ஒருமுறை வெட்ட ஏற்பாடு செய்யுங்கள். வெட்டுகிறவரிடம் திரும்பும் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. கிங் ஷாகா ஏர்போர்ட் செல்ஃபி, குறிப்பாகப் பிள்ளைகள் போடும் ஸ்டேட்டஸ், திரும்பி வந்த பிறகு.

கேட் மோட்டாரில் 'ஹாலிடே லாக்' மாதிரி வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் உண்டு. போட்டுவிட்டால் எந்த ரிமோட்டுக்கும் திறக்காது. அப்படிப் போட்டால் அதை எடுக்கும் வழி ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே தடுப்பும் இருக்க வேண்டும்.

நகை. நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று இங்கே திருடனுக்கும் தெரியும். அலமாரிப் புடவைக்கு அடியில், அரிசி டின்னில், சாமி படத்துக்குப் பின்னால் என்று நாம் ஒளித்து வைக்கும் இடங்களெல்லாம் அவன் முதலில் பார்க்கும் இடங்கள். வங்கி லாக்கர் என்றால் இந்தியாவில் போல இங்கே எளிதில்லை. 2016 டிசம்பரில், 16-ஆம் தேதி விடுமுறையை ஒட்டி வந்த நீண்ட வார இறுதியில், ஜோகன்னஸ்பர்க் ரான்ட்பர்க்கில் ஒரு வங்கிக் கிளைக்குள்ளேயே புகுந்து லாக்கர் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய வங்கிகள் பல அந்தச் சேவையையே விட்டுவிட்டன. தனியார் வால்ட் கம்பெனிகள் இருக்கின்றன, கட்டணம் உண்டு. முடியாதென்றால் சுவரோடு போல்ட் போட்ட சேஃப். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சேஃப் வாங்குவதற்குப் பேசாமல் இருக்கலாம்.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியைக் கிளம்புவதற்கு முன் படியுங்கள். வீடு தொடர்ந்து எத்தனை நாள் காலியாக இருக்கலாம், அலாரம் போட்டிருந்தால்தான் பணமா, நகை சேஃபுக்கு வெளியே இருந்தால் எவ்வளவு தருவார்கள், இந்த மூன்றையும் பாருங்கள். நகைக்கு மதிப்பீட்டுச் சான்றும் புகைப்படமும், டிவி லேப்டாப்புக்குச் சீரியல் நம்பரும் போனில் மட்டுமல்லாமல் ஈமெயிலிலும் இருக்கட்டும்.

இதெல்லாம் டிசம்பருக்கு மட்டுமல்ல. தைப்பூசக் காவடிக்குக் குடும்பமே விடியற்காலையில் கோயிலுக்குப் போய்ச் சாயங்காலம் வருகிற நாளிலும், பெரிய காரியம் நடக்கிற வீட்டிலும் இதே ஆபத்துதான். எங்கள் தெருவில் சாவு வீட்டில்கூட எல்லாரும் சுடுகாட்டுக்குப் போகும்போது வீட்டில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தால் பிள்ளைகளோடு உள்ளே நுழையாதீர்கள். காரிலேயே இருந்து கன்ட்ரோல் ரூமுக்கும் போலீஸின் 10111-க்கும் அடியுங்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை எதையும் தொட வேண்டாம். போலீஸ் கேஸ் நம்பரை அன்றே வாங்கிவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.