பெட்டிகளோடு ஊர் ஊராக: வாசகர் கேள்வி – பதில்

டாட்டூ மாநாடுகளில் மையும் ஊசியும் இயந்திரங்களும் விற்கும் குழுவோடு ஒன்பது ஆண்டுகள் அலைந்தவள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறேன்.

கேள்வி: டாட்டூ பொருட்கள் விற்கும் நிறுவனம் ஒன்று, அடுத்த பருவம் முழுவதும் தன் விற்பனைக் குழுவில் உதவியாளராக வர என்னை அழைத்திருக்கிறது. எனக்கோ டாட்டூ கலைஞராக வேண்டும் என்பதே ஆசை. இந்தப் பயணத்தில் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியுமா? உண்மையில் அங்கே என்ன வேலை இருக்கும்?

பதில்: குத்தக் கற்றுக்கொள்ள முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நூறு கலைஞர்கள் ஒரே அரங்கில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அவர்களுடைய முதுகுதான் தெரியும். பெரும்பாலான மாநாடுகள் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடப்பவை. அதனால் வியாழன் மாலை அல்லது வெள்ளி விடியற்காலையில் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்குவது, மேசைகளைப் போடுவது, அலமாரிகளைப் பூட்டுவது, இயந்திரத்தில் செருகும் ஊசிக்கூடுகளான கார்ட்ரிட்ஜ்களை அளவு வாரியாக அடுக்குவது, மூன்று நாள் நின்றுகொண்டே விற்பது, ஞாயிறு இரவு அரங்கத்துக்காரர்கள் விளக்கை அணைப்பதற்குள் அத்தனையையும் எண்ணிப் பெட்டிக்குள் திருப்பிப் போடுவது என்பதுதான் வேலை. எண்ணுவது என்று சொன்னதை எளிதாக நினைக்க வேண்டாம். இந்த வேலையில் பாதி எண்ணுவதுதான்.

இருந்தாலும் கலைஞராக விரும்புகிற ஒருவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். கலைஞர்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள், எதைப் பற்றித் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்கிறார்கள் என்பதை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஊசிப் பொதியின் மேல் 1209RL என்று எழுதியிருந்தால், 12 என்பது 0.35 மில்லிமீட்டர் தடிமனையும், 09 என்பது ஊசிகளின் எண்ணிக்கையையும், கடைசி இரண்டு எழுத்துகள் கோடு போடுவதற்காக அவை நெருக்கமாகச் சேர்க்கப்பட்டிருப்பதையும் குறிக்கின்றன. முன்னால் 10 என்றிருந்தால் தடிமன் 0.30. இதை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒருவர் ஏன் மெல்லியதை விட்டுத் தடித்ததைக் கேட்கிறார் என்பது புரிய ஒரு பருவமாவது ஆகும்.

என் முதல் மாநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை நண்பகலில் ஒரு கலைஞர், கையுறை போட்ட இரு கைகளையும் எதிலும் படாதபடி தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு எங்கள் ஸ்டாலுக்கு ஓடி வந்தார். வாடிக்கையாளர் படுத்திருக்கிறார், கோடு போடும் ஒன்பது ஊசி லைனர் தீர்ந்துவிட்டது, உடனே வேண்டும் என்றார். நான் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தது 1209RS. அதே தடிமன், அதே எண்ணிக்கை; ஆனால் நிழல் போடுவதற்காகச் சற்றுத் தளர்வாகச் சேர்க்கப்பட்டவை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். திட்டவில்லை. பிரித்த பொதியை மேசையின் மேல் வைத்து, கடைசி எழுத்தின் கீழ் நகத்தால் ஒரு கோடு கிழித்துக் காட்டிவிட்டுச் சரியானதை வாங்கிக்கொண்டு போனார். அவர் முனையைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், நான் பார்த்தே இராத ஒருவருடைய தோளில் அந்தக் கோடு கலங்கியிருக்கும். நமக்கு முன்னால் நின்று பணம் கொடுப்பவர் ஒருவர், நாம் விற்பது போய்ச் சேரும் தோல் இன்னொருவருடையது என்பது அன்று எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் பொதியில் உள்ளதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கேள்வி: விமானத்தில் சரக்கோடு செல்ல வேண்டியிருக்கிறது. எதைக் கைப்பையில் வைப்பது, எதைப் பெட்டியில் போடுவது என்று குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: குழுவில் ஆளுக்கொன்று சொல்வது எல்லாக் குழுவிலும் உள்ளதுதான். பேட்டரி விஷயத்தில் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை. கம்பியில்லா டாட்டூ இயந்திரங்களுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையில் அவை தீப்பிடித்தால் கவனிக்க ஆளில்லை என்பதே காரணம். ஒவ்வொன்றின் முனையும் நாடாவால் மூடப்பட்டிருக்கட்டும், அல்லது தனித்தனி உறையில் இருக்கட்டும். 100 வாட்-மணி வரை உள்ளவற்றுக்குப் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 7.4 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 13 வாட்-மணிக்குச் சற்று மேல். எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் இந்த அனுமதி ஒரு பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோவதற்கு. விற்பதற்காக ஐம்பது பேட்டரிகளைக் கொண்டுபோனால் அது சரக்கு. சரக்காகவே முறைப்படி அனுப்ப வேண்டும்.

மைக்குப்பிகள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குக் குறைவாக இருந்தாலும், கைப்பையில் திரவங்களுக்கு உள்ள மொத்த அளவில் வியாபாரச் சரக்கு அடங்காது. ஆகவே அவை பெட்டிக்குள்தான் போக வேண்டும். பறக்கும்போது காற்றழுத்தம் குறைவதால் மூடி தளர்ந்த குப்பி கசியும்; எனவே ஆறு ஆறாக மூடும் வசதியுள்ள நெகிழிப் பையில் போட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். கறுப்பு மை கசிந்த பெட்டியை ஒரு முறை திறந்தவர் இந்த ஆலோசனையை மறக்கமாட்டார். ஊசிகளும் கார்ட்ரிட்ஜ்களும் பெட்டியில்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தீப்பற்றும் திரவம் என்பதால் அதைக் கொண்டுபோகாமல் போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியை ஏற்பதில்லை. மைப்பெட்டி பார்வைக்குச் சிறிதாக இருந்துகொண்டே இந்த எடையைத் தொட்டுவிடும்.

மின்சாரத்தையும் பாருங்கள். சில நாடுகளில் 110 முதல் 120 வோல்ட், வேறு பலவற்றில் 220 முதல் 240. மின்வழங்கியின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். எங்கள் குழுவில் ஒருவர் தோலில் படியெடுக்கும் வரைபடத்தை அச்சிடும், 120 வோல்ட் மட்டுமே தாங்கும் ஸ்டென்சில் அச்சு இயந்திரத்தை 230-இல் செருகினார். விற்பனைக்கு வைத்திருந்த காட்சி இயந்திரம் அது. வாங்க வந்தவரின் கண்முன்னேயே புகைந்தது.

சாலை வழியாகப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். கிருமிநீக்கம் செய்யப்பட்ட ஊசிப் பொதிகள் பெரும்பாலும் ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் நெகிழியுமாக ஒட்டப்பட்டவை. காகிதம் நனைந்துவிட்டால், காய்ந்த பிறகு பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பொதியைக் கிருமியற்றது என்று விற்கக் கூடாது. வண்டியின் தரையில் பெட்டிகளை நேரடியாக வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லையைக் கடக்கும்போது அதிகாரிகள் கேட்டால் “எல்லாம் மாதிரிப் பொருட்கள், விற்பனைக்கு அல்ல” என்று சொல்லும்படி எங்கள் முதலாளி சொல்கிறார். சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். பெட்டியைத் திறந்தால் நானூறு கார்ட்ரிட்ஜ் பெட்டிகளும் விலைப்பட்டியலும் அட்டை தேய்க்கும் கருவியும் இருக்கும்போது அந்தச் சொல்லை யார் நம்புவார்கள்? பிடிபட்டால் வாக்குமூலத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, முதலாளியுடையது அல்ல.

முறையான வழி இருக்கிறது. தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருட்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஒன்றின் கீழ் வந்த இது, ஓராண்டு வரை செல்லும். ஸ்டாலின் சட்டகம், விளக்குகள், செயல்முறை காட்டும் இயந்திரங்கள் போன்றவற்றைச் சுங்க வரி கட்டாமல் இதன் பேரில் கொண்டுபோய்வரலாம். ஆனால் விற்கப்போகும் பொருளும், பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளும் இதில் வரா. மையும் ஊசியும் கையுறையும் அந்த வகை. அவற்றுக்கு இறக்குமதி ஆவணமும் வரியும் தனி. ஆகவே புறப்படுவதற்கு முன்பே பெட்டிகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: திரும்பி வருபவை, திரும்பாதவை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுச் சுங்கச் சாவடியில் பிரித்துக்கொண்டிருந்த இரவு ஒன்று எனக்கும் உண்டு.

வரி கட்டிவிட்டால் மட்டும் மையை விற்றுவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. புளூ 15:3, கிரீன் 7 என்ற இரண்டு நிறமிகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் கிடைத்து, அதுவும் 2023 ஜனவரியில் முடிந்தது. குப்பியின் மேல் டாட்டூவுக்கான கலவை என்ற குறிப்பும், தொகுதி எண்ணும், உட்பொருட்களின் பட்டியலும் இருந்தாக வேண்டும். வேறு நாட்டில் தாராளமாக விற்கும் நீலம் அங்கே குற்றப்பொருளாகிவிடும். விதியைப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும்.

கேள்வி: மாநாட்டுக்கு வந்த பார்வையாளர் ஒருவர், வீட்டிலேயே நண்பர்களுக்குக் குத்தப்போவதாகச் சொல்லி இயந்திரமும் மையும் கேட்டார். விற்றுவிட்டேன். செய்தது சரியா?

பதில்: நான் விற்றிருக்க மாட்டேன். பழைய விற்பனையாளர்கள் தொழிலில் இருப்பவருக்கு மட்டுமே விற்பது என்று பிடிவாதமாக இருந்தார்கள். அதில் போட்டியைத் தடுக்கும் சுயநலமும் கலந்திருந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் கிருமிநீக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இயந்திரத்தின் வேகத்தைப் பற்றி மட்டும் கேட்பவரிடம் பணம் வாங்க எனக்குக் கை வராது.

மை விற்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்வு இருக்கிறது. 2011-இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ரோசெஸ்டரில் டாட்டூ குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று ஏற்பட்டது. மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற நுண்ணுயிரிதான் காரணம். நிழல் போடுவதற்காக முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மை, கலைஞரின் கைக்கு வருவதற்கு முன்பே மாசடைந்திருந்தது. காய்ச்சி வடித்த நீர் வேறு, கிருமிநீக்கம் செய்யப்பட்ட நீர் வேறு. அந்த மையை நீர்த்தது முதல் வகை நீரால். இதற்குப் பிறகும், திறந்த குப்பியைத் தள்ளுபடியில் தரலாமா என்று ஞாயிற்றுக்கிழமை மாலை கேட்கும் குழுத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். தரக் கூடாது. விற்ற ஒவ்வொரு குப்பியின் தொகுதி எண்ணையும் ரசீதில் எழுதுங்கள். பிறகு அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற நேர்ந்தால் யாரை அழைப்பது என்று தெரியும்.

கேள்வி: என் மகள் இத்தகைய குழுவில் சேரப்போகிறாள். மூன்று நாளும் அத்தனை ஊசிகளுக்கு நடுவே இருப்பதால் நோய் தொற்றும் ஆபத்து உண்டா?

பதில்: விற்பனைக்குழு பயன்படுத்திய ஊசியைத் தொடுவதில்லை என்பதால் கலைஞருக்கு உள்ள அளவு ஆபத்து இல்லை. ஆனால் நான் மேலே சொன்னவரைப் போல எல்லாக் கலைஞர்களும் கையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வேலையின் நடுவே எழுந்து வந்து, அதே கையுறையோடு சரக்கைப் புரட்டிப் பார்ப்பவர்களும் பணத்தை நீட்டுபவர்களும் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, மேசைப் பரப்பில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கையுறையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்ல மகள் தயங்கக் கூடாது. கோபப்படுகிற கலைஞர் மிகக் குறைவு. இதற்கான தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் தவணைக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போடப்படும். ஆகவே பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட முதுகு வலிதான் அவளை அதிகம் படுத்தும்.

கேள்வி: சம்பளம் விற்பனையில் ஒரு பங்கு என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒரு நாள் கூலியை நிச்சயமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பங்கு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத மாநாட்டிலும் பெட்டியின் எடை அதேதான். தங்கும் அறையில் எத்தனை பேர், சாப்பாட்டுச் செலவு யாருடையது, சரக்கு குறைந்தால் யார் ஈடுகட்டுவது ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவதுதான் சண்டையில் முடிவது.

கேள்வி: இந்த மாநாடுகள் எப்போது தொடங்கின? அதற்கு முன் ஊசிகளை எங்கே வாங்கினார்கள்?

பதில்: மின்சார டாட்டூ இயந்திரத்துக்கு சாமுவேல் ஓ’ரெய்லி காப்புரிமை பெற்றது 1891-இல், நகலெடுப்பதற்காகத் தாளில் துளையிட்ட எடிசனின் மின்பேனா அதற்கு முன்னோடி. கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து ஒன்றுகூடிய பெரிய மாநாடு 1976-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்தது. இக்காலத்து மாநாடுகளுக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். பல ஆண்டுகள் கலைஞர்களே உதிரி ஊசிகளை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, கம்பியின் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்து பழகிய முதியவர்கள் இன்றும் எங்கள் ஸ்டாலுக்கு வந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசிமுனையை வெகுநேரம் பார்ப்பார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: குழுவோடு போகும்போது மாநாட்டிலேயே டாட்டூ குத்திக்கொள்ளலாமா?

பதில்: எல்லோரும் குத்திக்கொள்கிறார்கள், கலைஞர்கள் சரக்குக்குப் பதிலாகக் குத்திவிடவும் முன்வருவார்கள். குத்திக்கொள்வதானால் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பெட்டி தூக்கும்போது எதிலும் உரசாத இடத்தில். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் வியர்வையும் தூசியும் உரசலும் படாமல் காப்பது இந்த வேலையில் கடினம். நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கணுக்காலுக்கு மேல் ஒரு சிறு மீன் குத்திக்கொண்டேன். ஞாயிறு இரவு மைப்பெட்டி ஒன்றின் விளிம்பு அதன் வாலில் இடித்தது. வாலின் நுனியில் கோடு இன்றும் விட்டுப்போய்த்தான் இருக்கிறது.