ஆர்என்ஏ பழுப்பாக வருகிறதா?

ஆவாரம்பூவில் சால்கோன் சிந்தேஸ் ஜீனை (பூ நிறமிகளை உருவாக்க உதவும் நொதிக்கான ஜீன்) பார்க்க, ட்ரைசாலில் (ஆர்என்ஏ பிரிக்கும் ரெடிமேட் கரைசல்) எடுத்த ஆர்என்ஏ, அதாவது ஜீன் இயங்கும்போது உருவாகும் நகல், பழுப்பாக, கரையாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைத்தவறு இல்லை, பூவில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் வேலையைக் கெடுக்கிறது. நெல்லிக்காயில் நானும் இதே பாடுபட்டேன், டியூபின் அடியில் டீத்தூள் மாதிரி படிந்திருக்கும்!

சிடிஏபி (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) முறைக்கு மாறுங்கள். பஃபரை 65 டிகிரிக்குச் சூடாக்கி, டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2%-உம், பூவைப் போடுவதற்குச் சற்று முன்பு, பழுப்பேறாமல் தடுக்கும் மெர்காப்டோஎத்தனால் 2%-உம் சேருங்கள். திரவ நைட்ரஜனில் அரைத்த தூள் இளகவே கூடாது. இளகினால் அந்த நொடியே பழுப்பேறும். கடைசியில் ஆர்என்ஏ அடியில் படிய லித்தியம் குளோரைடு போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டர் ஒளியை ஆர்என்ஏ கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம், தூய்மையைக் காட்டும்) 2-ஐ ஒட்டி வந்தால் சரி.

அப்புறம், வெளிச்சம் பட்டால் இந்த ஜீன் கூடுதலாக இயங்கும். பூவைத் தினமும் ஒரே நேரத்தில் பறியுங்கள்.