பாதி மட்டும் கேட்ட ஆல்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் அலமாரியில் இருந்த சிடிக்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். பின்வரிசையில் நியூயார்க் ராக் குழுவான தி ரேப்ச்சரின் ‘எக்கோஸ்’ ஆல்பம் கிடைத்தது. வாங்கிய புதிதில் நாலைந்து தடவை கேட்டுவிட்டு, பாடகர் கத்துகிறார் என்று எடுத்து வைத்ததுதான். இப்போது பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். மூன்று நாளாக வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் மகளுக்குப் போனில் போட்டுக் காட்டியபோது, “எதுக்கு இவர் இப்படிக் கத்துறார்?” என்று ஒரே நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். அன்று நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு இப்போது பிடிப்பது பழைய நினைவு செய்கிற வேலையா, இல்லை ஆல்பம் நிஜமாகவே நல்லதா? ஆறாவது பாட்டில் ஓரிடத்தில் சிடி திக்கவும் செய்கிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

திக்குவதை முதலில் பார்த்துவிடுவோம். பளபளப்பான பக்கத்தில் தூசியோ அழுக்கோ இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். துடைக்கும்போது கீறல் விழுந்தாலும் குறுக்கே விழட்டும். பாட்டு சுருள் பாதையில் பதிந்திருக்கிறது. குறுக்கே போகிற கீறலை பிளேயர் தாண்டிவிடும், பாதையோடு சேர்ந்து ஓடுகிற கீறலில்தான் தடுமாறும். எழுத்து அச்சான பக்கத்தில் ஆழமாகக் கீறியிருந்தால் வழியில்லை. உலோகப் படலம் அந்த மைக்கு நேர் கீழே இருக்கிறது.

என்னிடமும் இந்த சிடி இருக்கிறது. 2004-ல் வாங்கினேன், கம்ப்யூட்டரோடு வந்த கையளவு ஸ்பீக்கரில் கேட்டேன், உங்களைப் போலவே எடுத்து வைத்துவிட்டேன். பல வருடம் கழித்து நல்ல ஹெட்போனில் ஆறாவது பாட்டைக் கேட்டபோதுதான் புரிந்தது: நான் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கவே இல்லை. மேல்பாதியை மட்டும் கேட்டுவிட்டு முழுசுக்கும் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

ஆழமான சுரங்களை வாசிக்கிற பேஸ் கிடாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. கையளவு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது, போன் ஸ்பீக்கரால் நிச்சயமாக முடியாது. அடியில் இருப்பது போய்விட்டால் மிச்சம் என்ன? பாடகர் லூக் ஜென்னரின் குரலும் கீச்சிடும் கிடாரும். உங்கள் மகள் கேட்டது அதைத்தான். அவள் சொன்னது தப்பே இல்லை. அவள் காதுக்கு வந்து சேர்ந்தது வெறும் கத்தல்தான்.

மற்ற வகை ராக் இசை என்றால் இவ்வளவு மோசமாக ஆகியிருக்காது. அங்கே பெரும்பாலும் குரலும் மெட்டும் முன்னால் நிற்கும், தாளம் அவற்றைத் தாங்கும். இவர்களிடம் அது தலைகீழ். ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவ்வர்ஸ்’ என்கிற அந்த ஆறாவது பாட்டில் மேட்டி சேஃபரின் பேஸ்தான் பாட்டு. கிடார் அதன்மேல் கீறிக்கொண்டு போகிறது, கௌபெல் என்கிற உலோக மணி ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருக்கிறது, குரலும் இன்னொரு தாளவாத்தியம் மாதிரி வந்து விழுகிறது. சுதி விலகுவது போலத் தோன்றும் இடங்களில் கூட ஜென்னர் தாளத்தை விட்டு இம்மியும் நகர்வதில்லை. அதைக் கவனித்த பிறகு அது எனக்குக் கத்தலாகப் படவே இல்லை.

வீட்டோ ராக்கோஃபோர்ட்டேயின் டிரம்ஸை மட்டும் தனியாக ஒரு தடவை கேளுங்கள். நான்கு அடித் தாளத்தில், ராக்கில் வழக்கமாக ஒன்றிலும் மூன்றிலும் கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) விழும், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் (சடசடக்கும் சின்ன டிரம்). டிஸ்கோவில் நான்கு அடியிலும் கிக் உண்டு. இரண்டு அடிக்கு நடுவே ஹை-ஹேட் என்கிற ஜோடித் தாளம் லேசாகத் திறந்து ‘ட்ஸ்’ என்று மூடும். கிக்குக்குக் கால் கீழே வருகிறது, அந்த ‘ட்ஸ்’ஸுக்கு மேலே போகிறது. ஆடத் தெரியாதவர்களையும் ஆட வைப்பது அந்த நடு இடம்தான். ஃபிலடெல்ஃபியா டிரம்மர் ஏர்ல் யங் 1973-ல் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் வாசித்தது இது. அங்கிருந்துதான் டிஸ்கோ முழுக்கப் பரவியது என்று சொல்வார்கள். 1979-ல் முதல் ஆல்பத்தைக் கொடுத்த, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ராக் குழு கேங் ஆஃப் ஃபோர், கிடாரை மெட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் வெட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ரேப்ச்சர் இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்ததில் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டி.எஃப்.ஏ. என்ற பெயரில் வேலை செய்த ஜேம்ஸ் மர்ஃபியும் டிம் கோல்ட்ஸ்வொர்தியும்தான் அவர்கள். மர்ஃபி ராக் குழுக்களில் வாசித்து, ஒலிப்பதிவு வேலையும் பார்த்தவர். கோல்ட்ஸ்வொர்தி இங்கிலாந்தின் எலக்ட்ரானிக் இசையிலிருந்து வந்தவர். ஒரு காது ராக், ஒரு காது நடன அரங்கு. 2002-ல் அந்த ஆறாவது பாட்டைப் பன்னிரண்டு அங்குலத் தட்டாக வெளியிட்டார்கள். டி.ஜே.க்கள் கையாளுகிற வடிவம் அது. பெரிய தட்டில் ஒரே பாட்டு என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் தாராளமாக நிற்கும். ஒரு ராக் குழுவின் பாட்டை அப்படி வெளியிட்டதிலேயே அவர்கள் நினைத்தது தெரிந்துவிடுகிறது. ஆல்பம் 2003-ல் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று பிட்ச்ஃபோர்க் என்கிற இசை விமர்சன இணையதளம் அதைத் தேர்ந்தெடுத்தது.

அன்றைய நியூயார்க்கையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மதுக்கூடத்திலோ உணவகத்திலோ ஆட்கள் ஆடுவதற்குத் தனி உரிமம் வேண்டும் என்று 1926-ல் போட்ட ஒரு சட்டம் அங்கே இருந்தது. 90-களில் மேயர் ஜூலியானி அதைத் தூசிதட்டி எடுத்து, உரிமம் இல்லாத இடங்கள்மேல் பாய்ந்தார். ‘ஆடக் கூடாது’ என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். அந்தச் சட்டத்தை 2017-ல்தான் நீக்கினார்கள். ஆடினால் கடைக்காரருக்கு அபராதம் என்றிருந்த ஊரில், கையைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுப் பழகிய ராக் ரசிகர்களைப் பார்த்து ஒரு குழு ‘காலை எடு’ என்று சொல்கிறது. ஜென்னரின் குரலில் இருக்கிற அவசரம் எனக்கு அதற்கப்புறம்தான் பிடிபட்டது.

பழைய நினைவா என்று கேட்டிருந்தீர்கள். பழைய நினைவு என்றால் அன்று பிடித்தது இன்றும் பிடிக்க வேண்டும். உங்களுக்கு அன்று பிடிக்கவே இல்லையே! அப்போது காதில் விழாத ஒன்று இப்போது விழுகிறது. இது முதல் தடவை கேட்பதுதான், க. சந்தேகப்படாமல் சந்தோஷப்படுங்கள்.

ஆல்பம் முழுக்க ஒரே உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பாட்டான ‘ஓபன் அப் யுவர் ஹார்ட்’ மெதுவாக, பியானோவோடு வருகிறது. குரல் தனியாக நிற்கும்போது எனக்கு இன்னமும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. தலைப்புப் பாட்டில் அந்தக் குறையே இல்லை. 2006-ல் வந்த அடுத்த ஆல்பம் இன்னும் சுத்தமான ஒலிப்பதிவு, ஆனால் எனக்கு இந்தக் கரடுமுரடுதான் வேண்டியிருக்கிறது.

மகளுக்கு மறுபடி போட்டுக் காட்டுவதாக இருந்தால் திக்குகிற பாட்டில் தொடங்க வேண்டாம். முதல் பாட்டு ‘ஒலியோ’வைப் போடுங்கள், நீங்கள் கேட்ட அதே பெரிய ஸ்பீக்கரில். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. பாதத்தைக் கவனியுங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்.