சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓர் இரவு வாடகை தலை சுற்ற வைக்கிறது. அப்படி என்ன இருக்கிறது அங்கே?

பதில்: முதலில் கட்டடம். ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் ஒரு பழைய பங்களாவில் பத்து அறைகளோடு இதைத் தொடங்கினார்கள். பினாங்கின் ஈ அண்ட் ஓ, ரங்கூனின் ஸ்ட்ராண்ட் ஆகிய ஹோட்டல்களும் இவர்கள் தொடங்கியவையே. இன்று தெருவிலிருந்து தெரியும் வெள்ளை முகப்பு 1899இல் எழுந்தது. 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2017இல் தொடங்கிய புதுப்பிப்பு முடிந்து, 2019இல் முழுமையாகத் திறந்தார்கள்.

இப்போதுள்ள 115 அறைகளும் சூட் வகைதான், அதாவது படுக்கையறையோடு உட்காரும் இடமும் சேர்ந்தவை. உயரமான கூரை, மரத்தரை, வெளியே நீண்ட தாழ்வாரம், கீழே பனையும் புல்லுமாக முற்றம். குளிர்சாதனம் வருவதற்கு முன்பு வெப்பநாட்டு வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தாழ்வார நாற்காலியின் அருமை உடனே புரியும். ஆகவே ஓர் இரவு மட்டும் தங்குங்கள். அந்த ஒரு நாளை ஊர் சுற்றிக் கழிக்காதீர்கள். மற்ற இரவுகளுக்குச் சாதாரண விடுதியே போதும்.

கேள்வி: எந்த அறையைக் கேட்பது?

பதில்: பாம் கோர்ட் முற்றத்தைப் பார்த்த சூட். அமைதி அங்கேதான்.

கேள்வி: கட்டணத்தின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறதே?

பதில்: சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி 9 சதவீதம். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட 120 வெள்ளி. வாங்கிய பொருளுக்குச் சுற்றுலாப் பயணிகள் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். அறை வாடகைக்கு அது கிடையாது.

கேள்வி: ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும்தானே?

பதில்: வேண்டாம்! பெயரை நம்பிப் பெட்டியோடு அங்கே இறங்கி அலைபவர்கள் உண்டு. அது வங்கிகள் நிறைந்த வேறு பகுதி. சிட்டி ஹால் அல்லது எஸ்பிளனேடில் இறங்குங்கள், இரண்டிலிருந்தும் நடந்துவிடலாம்.

கேள்வி: முகவரி பீச் ரோடு. கடல் தெரியுமா?

பதில்: தெரியாது. ஒரு காலத்தில் கடல் எதிரேதான் இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வெளியே நகர்ந்துவிட்டது.

கேள்வி: இந்த ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலி சுடப்பட்ட கதை உண்மையா? என் மகன் கேட்கிறான்.

பதில்: மேசைக்கு அடியில் அல்ல, பில்லியர்ட்ஸ் கட்டடத்துக்கு அடியில். 1902இல் விலங்குக் காட்சி ஒன்றிலிருந்து தப்பிய புலி, தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய அந்தக் கட்டடத்தின் கீழே பதுங்கியது. அங்கேயே சுடப்பட்டது. மகனிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: தங்காமல் பார்க்க முடியுமா? மது அருந்தும் பழக்கமும் இல்லை.

பதில்: கடைகள் உள்ள ஆர்கேடுக்குள் யாரும் போகலாம். லாங் பாரும் அங்கேதான். 1915இல் இங்கே பணியாற்றிய ங்கியாம் டோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவைக்காக வரிசை நிற்கும். மது கலக்காத பானங்களும் உண்டு. வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம். குப்பைக்கு அபராதம் விதிக்கும் ஊரில் குழந்தைகளுக்கு அதுவே கொண்டாட்டம். சாப்பிட விரும்பினால் டிஃபின் ரூமில் வட இந்திய உணவு. முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

கேள்வி: இட்லி, தோசை இல்லாமல் அம்மாவுக்கு முடியாது.

பதில்: சிட்டி ஹாலிலிருந்து ஒரே நிறுத்தத்தில் தோபி காட். அங்கே ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.