எறும்பு ஏன் கொடுக்கவில்லை?

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு எறும்பும் வெட்டுக்கிளியும் கதை சொன்னேன். "பசிக்குதுன்னுதானே கேக்குது, எறும்புகிட்ட அவ்வளவு இருக்கே, ஏம்மா குடுக்கல?" என்றாள். "வேலை செய்யாம பாடிட்டுத் திரிஞ்சா அப்படித்தான்" என்று அவள் அப்பா முடித்துவிட்டார். அவள் விடுவதாக இல்லை. நான் என்ன சொல்லட்டும்? இந்த மாதிரிக் கதைகளைச் சொல்வதே தப்போ?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தப்பே இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள். 1762-இல் குழந்தை வளர்ப்பு பற்றி வெளிவந்த 'எமில்' நூலில் தத்துவ அறிஞர் ரூசோ இதே கதையை நினைத்துக் கவலைப்பட்டார். குழந்தைகள் எறும்பின் பக்கம்தான் சேருவார்கள், இல்லை என்று சொல்வதோடு நிற்காமல் கேட்டவரைக் கேலி செய்யவும் பழகுவார்கள் என்பது அவர் பயம். உங்கள் மகள் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள்!

கேலி கதையிலேயே இருக்கிறது. இது ஈசாப் கதை. அதன் பழைய கிரேக்க வடிவத்தில் வெட்டுக்கிளிக்குப் பதில் சில்வண்டு. குளிர்காலத்தில் எறும்புகள் நனைந்த தானியத்தைக் காயவைக்கின்றன. சில்வண்டு வந்து கேட்கிறது. "கோடையில் என்ன செய்தாய்?" "பாடினேன்." "அப்போ குளிருக்கு ஆடு" என்று சிரிக்கின்றன. அவ்வளவுதான். அடியில் வரும் நீதி வரி பெரும்பாலும் பின்னால் தொகுத்தவர்கள் ஒட்டியது. ஈசாப் சாமோஸ் தீவில் அடிமையாக இருந்தவர் என்கிறார் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். அவர் பெயரில் உலவிய கதைகளைப் பேச்சாளர்கள் சபைகளில் எடுத்து வீசினார்கள், அன்றைய வாதத்துக்கு எது பொருந்துமோ அது. எல்லாக் கதையும் ஒரே பாட்டைப் பாட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதனால்தான் எறும்பைத் திட்டும் கதையும் அதே கூட்டத்தில் உண்டு. எறும்பு முன்பு ஓர் உழவனாம். தன் விளைச்சல் போதாமல் பக்கத்து வயலிலும் கைவைப்பான். கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸுக்குக் கோபம் வந்து அவனை எறும்பாக்கிவிட்டார். உருவம்தான் மாறியது, புத்தி மாறவில்லை. இன்றும் வயல் வயலாகப் போய் அடுத்தவர் கோதுமையையும் பார்லியையும் பொறுக்கிச் சேர்க்கிறது.

இன்று ராத்திரி இதைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் நீதி சொல்ல வாயைத் திறக்காதீர்கள் (இது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்). முதல் கதையின் எறும்பைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், "நீ எறும்பாக இருந்தால் எவ்வளவு கொடுப்பாய்? உன் வீட்டிலும் குட்டி எறும்புகள் இருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் திணறுவாள், திணறட்டும். அவள் அப்பா சொன்னதில் இருக்கும் நியாயம் அந்த இடத்தில்தான் அவளுக்குத் தட்டுப்படும். பதில் நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாறினாலும் திருத்த வேண்டாம்.

உங்கள் கணவரிடம் சண்டை வேண்டாம். சேமிக்கப் பழக்க வேண்டும் என்றால் பிள்ளைக்கு ஒரு உண்டியல் வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்த வேலையையும் பாவம், எறும்பின் தலையில் கட்ட வேண்டாம்.