வயதான அம்மாவிடம் எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, எரிச்சல் வருகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

சமாளிக்கவில்லை, திட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு 70 வயது இருக்கும், நீங்கள் வேலை முடிந்து களைத்துப்போய் வந்திருப்பீர்கள், கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா. சோமனூர்ப் பக்கம் 35 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் சைகைதான். 60 தாண்டியதும் எதைச் சொன்னாலும் "என்ன கண்ணு?" என்பார். மறுபடி சொன்னாலும் "என்ன கண்ணு?" மூன்றாவது தடவை நான் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துத் தெருக்காரர் வந்து, தங்கச்சி தவறிப்போச்சுங்க என்றார். அப்பா சிரித்த முகமாகத் தலையாட்டி "ரொம்ப சந்தோஷமுங்க" என்றார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அத்தனை பேர் முன்னால் "காது கேக்கலைன்னா வாயையாவது மூடிட்டு இருக்கக் கூடாதா" என்று கத்திவிட்டேன். அது அவருக்குக் கேட்டது. ஒன்றும் பேசாமல் வேட்டி நுனியை முழங்கால் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் யார் வந்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். மூன்று வருஷம் அப்படித்தான் இருந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்கு 57. நானும் சின்ன வயதில் பத்து வருஷம் தறியில் நின்றவன். போன வருஷம் காது பரிசோதனை செய்தபோது, தாளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளுக்கான இடத்தில், கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கேதான் முதலில் அடி விழுமாம். சத்தம் நன்றாகவே கேட்கிறது, வார்த்தைதான் பிடிபடுவதில்லை. அ, ஓ எல்லாம் காதில் விழும். ச, த, ப நழுவிவிடும். சட்டையும் தட்டையும் பட்டையும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதனால் கத்திப் பயனில்லை. எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகச் சொன்னால் போதும்.

"தனக்கு வேண்டியது மட்டும் கேட்கிறதே" என்று யாராவது இங்கே வந்து சொல்வீர்கள். நானும் அப்பாவைப் பற்றி அதையேதான் சொன்னேன். அமைதியான இடத்தில் ஒருவர் மட்டும் பேசினால் கேட்கும், சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டால் கேட்காது. நடிப்பு இல்லை அது. என் மகளும் இப்போது "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்கிறாள். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த "விடுங்க" எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

வெளியாட்கள் இதைவிட மோசம். ஏடிஎம் கார்டு தொலைந்து ஒரு வங்கியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் மூச்சுவிடாமல் பேசினார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கம்மா என்று இரண்டு தடவை கேட்டேன், "வீட்டில் வேறு யாராவது இருந்தால் கொடுங்கள்" என்றார். என் கணக்கு, என் பணம், 30 வருஷமாக அங்கே போட்டு வைத்திருக்கிறேன். பேசத் தெரியாத குழந்தையா நான்?

சரி, உங்கள் அம்மா விஷயம். முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள், வெறும் குரும்பி அடைத்திருந்தாலும் கேட்காது. காது கேட்கும் கருவி வாங்கினால் வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கும் வாங்கினோம். பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்குது என்று மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிட்டார், காசு வீணாகிவிட்டது என்று அதற்கும் திட்டினேன். இரண்டு மூன்று தடவை போய்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும், பழகவே வாரக்கணக்கில் ஆகும் என்பதெல்லாம் எனக்கு மாட்டும்போதுதான் தெரிந்தது. அப்பாவை நான் ஒரு தடவைகூடத் திரும்பக் கூட்டிப்போகவில்லை. போயிருந்தால் அந்த மூன்று வருஷமும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.